புல்பப் ஏர் ரைஃபிள்: பழக்குவது, குரூப்பைச் சுருக்குவது, ட்ரிகரைத் திருத்துவது

ஒற்றைக்குழல்

எல்லோருக்கும் வணக்கம். நெடுநாள் ஆசைப்பட்டு 5.5 மி.மீ. புல்பப் ஒன்று வாங்கிவிட்டேன், அதாவது சுடும் இயந்திரப் பகுதி (ஆக்‌ஷன்) ட்ரிகருக்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே இருக்கும் குட்டை ரைஃபிள். பிசிபி வகை, அதாவது சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடுவது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்று விடும் ரெகுலேட்டர் உண்டு, 250 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பலாம், மேகசின் வழியாகக் குண்டு ஏறும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இழை முழுக்க அந்தச் சண்டைதான் நடக்கும்.

பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) ஜேஎஸ்பி கம்பெனியுடையது, எடை 18.13 கிரெய்ன். குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவியில்) நொடிக்கு 270 மீட்டரை ஒட்டி வருகிறது. காற்றில்லாத நேரத்தில், மணல்பையில் வைத்து 50 மீட்டரில் சுட்டால் பெரும்பாலான குண்டுகள் 18 மி.மீ.க்குள் உட்காருகின்றன. ஆனால் ஒவ்வொரு குரூப்பிலும் (ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் கூட்டத்திலும்) ஒன்றிரண்டு ஓடுகாலிகள். 40 மி.மீ. தள்ளிப்போய் விழுகின்றன, அதுவும் ஒரே பக்கமாக இல்லாமல் இஷ்டத்துக்கு.

ட்ரிகர் இன்னொரு தலைவலி. ரப்பரை இழுப்பது போல இருக்கிறது. எந்த இடத்தில் விடுபடும் என்று விரலுக்குத் தெரிவதே இல்லை. முன்பு வைத்திருந்த சாதாரண ஸ்டாக் ரைஃபிளில் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை.

கேள்விகள் இரண்டு. புது பேரலை ‘பழக்க’ வேண்டும், ஒரு குண்டு சுட்டு ஒருமுறை துடைக்க வேண்டும் என்கிறார்களே, அது இதற்கும் பொருந்துமா? ட்ரிகர் சியரை, அதாவது வால்வைத் தட்டிக் காற்றை விடும் ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியைக் கழற்றிப் பாலிஷ் போடலாமா?


பட்டறைவாசி

தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

சுடு, துடை, மறுபடி சுடு என்ற சடங்கு வெடிமருந்து ரைஃபிள்காரர்களுடையது. அங்கே செம்பு உறை போட்ட குண்டு, கொதிக்கும் வாயு, செம்புப் படிவு எல்லாம் உண்டு. அதனால் நிஜமாகவே பலன் இருக்கிறதா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. நம்முடையதில் செம்பும் கிடையாது, சூடும் கிடையாது. மெத்தென்ற ஈயம் போய் எஃகைத் தேய்த்துச் சமன் செய்யும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஆனாலும் புது பிசிபி முதல் ஒரு டப்பா பெல்லட் போகும்வரை மாறிக்கொண்டேதான் இருக்கும். மாறுவது பேரல் இல்லை, மற்றவை. ரெகுலேட்டருக்குள் கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அவை அழுந்தி அழுந்தித் தம் நிலைக்கு வரக் கொஞ்சம் காலம் எடுக்கும். ஓ-ரிங்குகள் (காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) தம் பள்ளத்தில் படியும். ஹேமர் ஓடும் பாதையில் இயந்திரக் கடைசலின் நுண்ணிய முட்கள் மழுங்கும். ட்ரிகரின் உரசு முகங்களும் அப்படித்தான். இதற்கெல்லாம் தனிச் சடங்கு தேவையில்லை, சுட்டுக்கொண்டே இருந்தால் போதும். அந்தக் காலத்தில் வேகத்தைக் குறித்து வையுங்கள், ரெகுலேட்டரையும் ஹேமர் ஸ்பிரிங்கையும் தொடாதீர்கள். தானாக மாறுவதோடு நீங்களும் சேர்ந்து மாற்றினால் எது எதனால் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பேரலுக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை எடுக்க வேண்டும். புல்பப்பில் பின்பக்கத்திலிருந்து கம்பி விட இடமிருக்காது. நைலான் நரம்பை முனையிலிருந்து உள்ளே விட்டு, மேகசின் கழற்றிய இடைவெளியில் நுனியைப் பிடித்து, அதில் துணித்துண்டைக் கோத்து, முனைப் பக்கமாக இழுங்கள். எப்போதும் பின்னிருந்து முன்னே, பெல்லட் போகும் திசையில். முதல் துணி கறுப்பாக வரும், போகப்போக வெளுக்கும். வெளுத்ததும் நிறுத்திவிடலாம். பித்தளைத் தூரிகை வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம்: காற்று போகும் வழியில் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. அழுத்தத்தில் காற்று சூடாகும்போது எண்ணெய் டீசல் எஞ்சினில் பற்றுகிற மாதிரி பற்றும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். நிரப்புவது உலர்ந்த சாதாரணக் காற்று மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரை இதன் பக்கத்திலேயே கொண்டுவரக்கூடாது.


ஈயப்பொடி

பட்டறைவாசி அண்ணன் சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. பேரல் மாறவே மாறாது என்று சொல்ல முடியாது. துடைத்த உடனே சுட்டுப் பாருங்கள், குரூப் விரிந்துதான் இருக்கும். பள்ளங்களில் மெல்லிய ஈயப் படலம் ஒரே சீராகப் படிந்த பிறகுதான் பழையபடி கூடும். சில பேரலுக்குப் பத்து குண்டில் படியும், சிலது ஐம்பது கேட்கும். அதனால்தான் குரூப் நன்றாக இருக்கும்போது நான் பேரலைத் தொடுவதில்லை. கெட ஆரம்பித்தால் மட்டும் துடைப்பேன்.


பட்டறைவாசி

ஒத்துக்கொள்கிறேன். அது எஃகு மாறுவதில்லை, மேலே பூச்சு ஏறுவது. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.


நெடுந்தூரன்

18 மி.மீ.க்குள் பெரும்பாலானவை, மிச்சம் ஓடுகாலி என்றால் உங்கள் பேரல் நல்ல பேரல். மோசமான பேரல் எல்லாக் குண்டையும் சமமாக இறைக்கும். நல்லவற்றுக்கு நடுவே திடீரென ஒன்று ஓடினால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

புல்பப்புக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. கன்னம் நேராக ஆக்‌ஷன் மீது படுவதால் ஸ்கோப்பை உயரமாக வைத்தாக வேண்டும். ஸ்கோப் உயரமானால் துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்தால் வரும் பிழையும் பெருகும். அதனால் குமிழி மட்டம் ஒன்று மாட்டுங்கள்.


கணக்குப்பிள்ளை

குமிழி மட்டம் சரி, காரணம் சரியில்லை.

நீங்கள் ஜீரோ செய்த (குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைத்த) தூரத்தில் சாய்வுப் பிழைக்கும் ஸ்கோப் உயரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பிழை என்பது அந்தத் தூரத்தில் குண்டு விழும் ஆழத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்குவது, அவ்வளவுதான். ஒற்றைக்குழல் சொன்ன வேகத்தில் அந்த பெல்லட் 50 மீட்டர் போக ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் 20 செ.மீ. விழும். 3 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டில் 1 செ.மீ.யைவிடச் சற்றுக் கூடுதல். ஸ்கோப் 4 செ.மீ. உயரத்தில் இருந்தாலும் 6 செ.மீ. உயரத்தில் இருந்தாலும் இதே கதைதான். வேறு தூரங்களில் கொஞ்சம் வித்தியாசம் வரும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

உயரம் நிஜமாகவே கடிப்பது கிட்டத்தில். 30 மீட்டரில் ஜீரோ வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் குறியில் 4 செ.மீ. ஸ்கோப்புக்கு ஏறத்தாழ 1 செ.மீ. கீழே படும். 6 செ.மீ. ஸ்கோப்புக்கு 2.4 செ.மீ. கீழே. சாதாரண ரைஃபிளிலிருந்து வருகிறவர்கள் “கிட்டத்தில் ஏன் இவ்வளவு கீழே போகிறது, பேரல் வளைந்திருக்கிறதா” என்று பயப்படுவது இதனால்தான். பேரல் வளையவில்லை, கண் மேலே ஏறியிருக்கிறது.

அப்புறம், காற்றில்லாத நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நொடிக்கு 1 மீட்டர் பக்கக்காற்று, அதாவது இலைகூடச் சரியாக அசையாத காற்று, இந்த பெல்லட்டை 50 மீட்டரில் 2 செ.மீ. வரை தள்ளும். குறிப்பலகைக்குப் பாதி வழியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்.


நெடுந்தூரன்

சரி ஐயா, கணக்கில் உங்களை வெல்ல முடியாது. நூல் யோசனை நல்லது.


குறிமுள்

ஒற்றைக்குழல், ஓடுகாலிகளைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். திருகாணி எதையும் தொடாமல் செய்யலாம்.

மேகசினை எடுத்துவிட்டு ஒற்றைக் குண்டுத் தட்டில் வைத்துச் சுடுங்கள். தட்டு இல்லையென்றால் மேகசினில் ஒவ்வொரு துளைக்கும் மார்க்கரால் எண் போட்டு, எந்தத் துளைக் குண்டு எங்கே பட்டது என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஓடுகாலிகள் குறிப்பிட்ட துளைகளிலிருந்தே வந்தால் குற்றவாளி மேகசின். துளைக்கும் பேரல் வாய்க்கும் நேர் பிசகினால் பெல்லட் உள்ளே ஏறும்போது ஓரம் சீவப்படும். பெல்லட்டின் பாவாடை (பின்பக்கத்தில் விரிந்த பகுதி) விளிம்பு மிக மெல்லியது, ஒரு பக்கம் மடங்கினாலே போதும், பறக்கும்போது தள்ளாடும்.

எந்தத் துளையாக இருந்தாலும் ஓடுகிறது என்றால் முனைப் பக்கம் பாருங்கள். பேரலைச் சுற்றி உறைக்குழாய் இருக்கிறதல்லவா, அதற்குள் உள்ள தடுப்பு வட்டுகளை பெல்லட் உரசிப் போகலாம். உறையைக் கழற்றி வட்டின் துளை விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈயம் பூசினாற்போல மின்னினால் அதுதான். முனை வெட்டையும் பஞ்சுக் குச்சியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இழை எங்காவது மாட்டினால் அங்கே முள் இருக்கிறது.

இரண்டும் இல்லை என்றால் பெல்லட்டையே சந்தேகப்படலாம். டப்பாவைக் குலுக்கிக் கொண்டுவந்தால் கீழே உள்ளவை நசுங்கியிருக்கும்.


வால்வுப்பிரியன்

குரோனோ எண்களை முழுதாகப் போடுங்கள். ‘270ஐ ஒட்டி’ என்றால் என்ன? நொடிக்கு 3 மீட்டர் ஏறியிறங்கினால் 50 மீட்டரில் மேல்கீழாக அரை செ.மீ.க்குள் அடங்கும். 10 மீட்டர் ஏறியிறங்கினால் 1.5 செ.மீ. ஆகிவிடும். பக்கவாட்டில் ஓடுவதற்கு வேகம் காரணமில்லை. மேல்கீழாக ஓடினால் வேகத்தைப் பாருங்கள். தாளைப் பார்த்தாலே பாதி நோய் தெரியும்.

ஹேமர் ஸ்பிரிங் பற்றியும் ஒரு வார்த்தை. அதை இறுக்க இறுக்க வேகம் கூடும், ஓர் இடத்துக்கு மேல் கூடாது. அந்த உச்சத்தில் வைத்தால் காற்று வீணாகும், ஹேமர் துள்ளி வால்வை மறுபடி தட்டும். அந்த உச்ச வேகத்தில் 95 முதல் 97 சதவீதம் வரும்படி பின்னுக்குத் தளர்த்தினால் வேகம் சீராகும். ஆனால் பட்டறைவாசி சொன்ன மாதிரி, ரெகுலேட்டர் நிலைக்கு வந்த பிறகுதான் இந்த வேலை.


மெதுவிசை

ட்ரிகருக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி.

சாதாரண ரைஃபிளில் விரல் இழுக்கும் பிளேடும் சியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். புல்பப்பில் ஆக்‌ஷன் கன்னத்துக்குக் கீழே பின்னால் போய்விட்டது, விரல் முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே நீளமான ஓர் இணைப்புக் கம்பி. உங்கள் விரலுக்குக் கிடைக்கும் தகவல் எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது. ராணுவ புல்பப்களுக்கும் இதே வியாதி உண்டு. 1977இல் ஆஸ்திரியப் படை எடுத்துக்கொண்ட ஸ்டேயர் ஏயூஜியாகட்டும், பிரெஞ்சுக்காரர்களின் ஃபாமாஸாகட்டும், ட்ரிகரைப் புகழ்ந்து யாரும் பேசிக் கேட்டதில்லை. ஏயூஜியில் ஹேமர் கூட்டின் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான், அதுவும் நன்றாகவே உழைக்கிறது. போர்க்களத்துக்கு அது போதும், 50 மீட்டரில் ஒற்றைத் துளை தேடும் நமக்குப் போதாது.

கம்பி இரண்டு விதமாக வேலை செய்யும். சிலவற்றில் விரல் இழுக்கும்போது கம்பி சியரைத் தள்ளும். சிலவற்றில் சியரை இழுக்கும். இழுக்கும் கம்பி தானாகவே நேராகும், மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. தள்ளும் கம்பி கொஞ்சம் மெலிந்திருந்தாலும் நடுவில் வில்லாக வளையும். வளைகிற அந்தத் தூரம் முழுக்க விரல் நகர்கிறது, சியர் நகரவில்லை. நீங்கள் ரப்பர் என்கிறீர்களே, அது இதுவாகத்தான் இருக்கும். அல்லது கம்பி எங்கோ உரசுகிறது. உரசினால் முதலில் பிடிக்கும், பிறகு வழுக்கும், மறுபடி பிடிக்கும்.

பார்க்கும் முறை: பெல்லட் இல்லை, மேகசின் இல்லை, காற்று முழுக்க வெளியேற்றியாகிவிட்டது என்று உறுதி செய்யுங்கள். காற்று இருக்கும்போது திருகாணி கழற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பிளேடை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அழுத்திக்கொண்டே கம்பியைப் பாருங்கள். நடுவில் வளைகிறதா, வழிகாட்டித் துளையின் சுவரில் படுகிறதா, இரு முனை ஊசிகளிலும் ஆட்டம் இருக்கிறதா. கறுப்புப் பூச்சுத் தேய்ந்து வெள்ளிக் கோடு தெரியும் இடம்தான் உரசும் இடம். கம்பியின் நீளத்தைத் திருகி மாற்ற முடிந்தால், சும்மா ஆடும் இடைவெளியை மட்டும் எடுங்கள். முழுவதும் இறுக்கிவிட்டால் சியர் முழுதாகப் பிடிக்காமல் போகலாம், அது ஆபத்து.

இனி சியர் பாலிஷ். என் பதில்: கோணத்தைத் தொடாதீர்கள். சியர் முனை மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்தப்பட்ட எஃகாக இருந்தால், தேய்த்துவிட்டால் உள்ளே மென்மையான உலோகம்தான் மிஞ்சும். கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், பிறகு தானாக நழுவ ஆரம்பிக்கும். பாலிஷ் போடத் தகுந்த இடங்கள் வேறு. கம்பி, அதன் வழிகாட்டித் துளை, ஊசிகள், ஸ்பிரிங் உட்காரும் தண்டு. இவற்றை மிக நைசான தாளால் வழித்து, துளியளவு மாலிப்டினம் கிரீஸ் வைத்தாலே விரலுக்கு வேறு ட்ரிகர் மாட்டியது போலத் தோன்றும். சியர் முகத்துக்கு கிரீஸ் மட்டும்.

திருகாணிகளின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் ட்ரிகர் எடையை (இழுக்கத் தேவையான விசையை) குறைக்கப் போவார்கள். முதலில் இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை விரல் தெளிவாக உணரும்படி முதல் கட்டத்தை (விடுபடுவதற்கு முன் பிளேடு லேசாக நகரும் பகுதியை) அமையுங்கள். அடுத்து, விடுபட்ட பிறகு பிளேடு பின்னால் ஓடுவதைத் தடுக்கும் திருகாணி. கொஞ்சம் இடம் விட்டே வையுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் குளிரில் சுடவே மாட்டேன் என்று நிற்கும். எடை எல்லாவற்றுக்கும் கடைசி. தெளிவாக விடுபடும் 700 கிராம் ட்ரிகர், குழைவாக இழுபடும் 300 கிராமைவிட நூறு மடங்கு மேல்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், பெல்லட் இல்லாமல் ஹேமரை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டு போட்டும் போடாமலும் ரப்பர் சுத்தியால் ஸ்டாக்கை எல்லாப் பக்கமும் தட்டுங்கள். ஒருமுறை நழுவினாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். பேச்சே இல்லை.


ஈயப்பொடி

இன்னொன்றையும் சேர்க்கலாமா மெதுவிசை. ட்ரிகரைத் திருத்தினால் ரைஃபிளின் குரூப் சுருங்காது. சுடுகிறவரின் குரூப்தான் சுருங்கும். மணல்பையில் நன்றாக அமுக்கி வைத்துச் சுடும்போதே குண்டு ஓடுகிறது என்றால் ட்ரிகர் மீது பழி போட முடியாது.


மெதுவிசை

ஆமாம். ஆனால் புல்பப் எடை குறைவானது, நீளமும் குறைவு. மணல்பையில் இருந்தாலும் கனமான ட்ரிகர் அதைத் திருப்பிவிடும். ஸ்கோப்பை அதிக உருப்பெருக்கத்தில் வைத்து, விடுபடும் கணத்தில் குறுக்குக்கோடு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். துள்ளினால் ட்ரிகருக்கும் பங்கு உண்டு.


பட்டறைவாசி

துள்ளலுக்கு இன்னொரு காரணம் கன்னம். ஒரு குண்டுக்கு அழுத்தி வைத்து, அடுத்ததற்கு லேசாக வைத்தால் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி நகர்ந்தது போலத் தெரிவது) வேறு, ரைஃபிள் திரும்புவதும் வேறு. புல்பப்பில் தலை பின்னால் தள்ளிப் போவதால் கழுத்துச் சுருங்கி, ஆள் தன்னையறியாமல் முகத்தை அழுத்துவார். ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, திறந்தால் முழு வட்டமும் தெரிகிற இடத்தில் பூட்டுங்கள்.

பேரலைச் சிலிண்டரோடு கவ்விப் பிடிக்கும் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிண்டரில் அழுத்தம் ஏறினால் அது மிக நுட்பமாக நெளியும், வளையம் இறுக்கமாக இருந்தால் பேரலையும் சேர்த்து இழுக்கும். 250 பாரில் ஒரு இடம், 150 பாரில் வேறு இடம் என்று குரூப் நகர்ந்தால் இதைச் சந்தேகியுங்கள்.


ஒற்றைக்குழல்

அண்ணன்மார்களுக்கு நன்றி. சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குறிமுள் சொன்ன மார்க்கர் வித்தைதான் பிடித்துக்கொடுத்தது. ஓடுகாலிகள் எல்லாம் 4ஆம், 5ஆம் துளைகளிலிருந்து. மற்றவை ஒழுங்காக உட்காருகின்றன. 4ஆம் துளையிலிருந்து ஒரு பெல்லட்டை ஏற்றி, சுடாமல், முனையிலிருந்து மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளிப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். பாவாடை விளிம்பில் இடது பக்கம் மட்டும் நகம் வெட்டியது போல ஒரு பளபளப்பான சீவல். மேகசின் வைக்கும் பள்ளத்தைத் துணியால் துடைத்தால் சன்னமான ஈயச் சுருள்கள் வந்தன. நல்ல துளையிலிருந்து எடுத்த பெல்லட்டில் வரிக்கோடுகள் மட்டும் சமமாகப் பதிந்திருந்தன. முனை வெட்டில் பஞ்சு எங்கும் மாட்டவில்லை, தடுப்பு வட்டும் சுத்தம்.

கூட வந்த இரண்டாவது மேகசினில் இந்தக் கோளாறு இல்லை. அதை மட்டும் வைத்துச் சுட்டதில் பத்துக் குண்டு குரூப்கள் 20 மி.மீ.யை ஒட்டி வருகின்றன, ஓடுகாலி இல்லை. முதல் மேகசினை மாற்றித் தர விற்றவர் ஒத்துக்கொண்டார்.

ட்ரிகரில் மெதுவிசை சொன்ன வெள்ளிக் கோடும் அப்படியே இருந்தது. தள்ளும் வகைக் கம்பி, நடுவில் ஒரு வழிகாட்டித் துளை. துளையின் மேல் விளிம்பில் உரசிய தடம். துளையைச் சுத்தம் செய்து, விளிம்பை வழித்து, கிரீஸ் வைத்தேன். ஆடும் இடைவெளியில் பாதியை மட்டும் எடுத்தேன். எடைத் திருகாணியைத் தொடவில்லை. இப்போது இரண்டாம் கட்டம் எங்கே என்று விரலுக்குத் தெரிகிறது. வில் அளவுகோலில் 800 கிராம் சுமார் காட்டுகிறது, ஆனால் முன்பைவிட லேசாகத் தோன்றுகிறது! தட்டிப் பார்த்ததில் நழுவவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். இதை 150 கிராமுக்குக் கொண்டுபோகலாமா? அப்புறம், இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் சுடும் முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிட வேகமாக, மேலே படுகிறது. இரண்டாவதிலிருந்து சரியாகிவிடுகிறது.


மெதுவிசை

150 வேண்டாம். பெஞ்சில் பூட்டி வைத்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கு அது சரி. நீங்கள் தூக்கிக்கொண்டு நடப்பவர், கையுறை போட்டால் விரல் தொட்டதே தெரியாது. ஆசை இருந்தால் 500க்கு வாருங்கள், கால் சுற்றுக் கால் சுற்றாக, ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்து.


வால்வுப்பிரியன்

முதல் குண்டு விஷயம் ரெகுலேட்டர். இரவில் அதன் வாய் முழுதாக மூடாமல் துளித்துளியாகக் காற்றை உள்ளே விடுகிறது. ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள காற்றறைக்குள் அழுத்தம் நிர்ணயித்ததைவிட ஏறிவிடுகிறது. சில ரைஃபிள்களில் இதே காரணத்தால் முதல் குண்டு மெதுவாகவும் போகும், ஏனென்றால் கூடிய அழுத்தம் வால்வைத் திறக்கவிடாமல் அமுக்கும்.

புதிது என்பதால் ஒரு டப்பா முடியும்வரை பொறுங்கள். பல நேரம் ரெகுலேட்டர் வாய் மூடி உட்காரும் இருக்கை படிந்து தானாகவே அடங்கிவிடும். அதுவரை அழுத்தமானி இரவில் எவ்வளவு காட்டுகிறது, காலையில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். ரெகுலேட்டருக்குத் தனி அழுத்தமானி இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும், சிலிண்டருடையதை இல்லை. டப்பா முடிந்தும் 5 பாருக்கு மேல் ஏறினால் இருக்கையில் தூசியோ கீறலோ இருக்கும். கழற்றத்தான் வேண்டும்.


ஒற்றைக்குழல்

தனி மானி இருக்கிறது. இன்றிரவு 130ஐக் காட்டுகிறது. குறித்துக்கொண்டேன். டப்பாவில் இன்னும் பாதி பாக்கி.


பட்டறைவாசி

அதுவரை காலையில் முதல் குண்டை மண்மேட்டில் போட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து கணக்கு வையுங்கள். பழைய மேகசினைத் திருப்பி அனுப்பும்போது சீவிய பெல்லட்டையும் சேர்த்து அனுப்புங்கள், துளை எண்ணை எழுதி. விற்றவரிடம் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.